பெயரில்லாத வரிகளுக்குப் பெயர் தேடுவது: மாளிகைகளில் அடிமைகளாகவும் வேலையாட்களாகவும் வாழ்ந்தவர்கள்

வேர்தேடி

அமெரிக்கத் தெற்கில் ஒரு தோட்ட மாளிகை என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் நல்லபடியாக நிற்கிறது, உரிமையாளர் குடும்பத்தின் வம்சாவளி ஐந்து தலைமுறைக்குக் கைவசம் இருக்கிறது. ஆனால் 1860 கணக்கெடுப்பின் அடிமை அட்டவணையைத் திறந்தால் உரிமையாளர் பெயர், அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர்க் கட்டமே கிடையாது. அடிமைமுறை ஒழிந்த பின் வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்களில் பெரும்பாலோர் முதல்தடவையாகப் பெயரும் குடும்பப்பெயருமாக வருகிறார்கள். நடுவில் நிற்கும் இந்தச் சுவரை எப்படித் தாண்டுவது? எந்த ஆவணத்தில் தொடங்கி எதற்குப் போவது, எங்கே வழுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கிலாந்து மாளிகைகளின் வேலையாட்கள் பற்றியும் எழுதலாம்.

மைக்கறை

அட்டவணையில் தொடங்காதீங்க. அது கடைசியில் சரிபார்க்கிற தாள். தொடங்க வேண்டிய இடம் உரிமையாளரின் சாவு.

உரிமையாளர் செத்ததும் மாவட்ட நீதிமன்றம் மதிப்பீட்டாளர்களை அனுப்பும். அவங்க மாடு, கலப்பை, நிலைக்கண்ணாடி, மனிதர்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி எதிரே விலை போடுவாங்க. பெயர்கள் அங்கேதான் இருக்கு. ஒரு சாவுக்கு நாலு தாள் தேடணும்: உயில், சொத்துப் பட்டியல், நிறைவேற்றுநரின் வரவுசெலவுக் கணக்கு, பாகப்பிரிவினை. உயிலோடு நிறுத்திக்கிறதுதான் பலரும் செய்கிற தப்பு. உயிலில் 'மகளுக்கு இன்ன பெண்ணும், அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும்' என்று நாலைந்து பெயர் வரும். மீதிப் பேர் எல்லாரும் 'எஞ்சிய சொத்து' என்ற ஒரே சொல்லில் மறைஞ்சிடுவாங்க.

வரவுசெலவுக் கணக்கை யாரும் பொறுமையாகப் படிக்கிறதில்லை. சரக்கு அங்கேதான் இருக்கு. பாகம் பிரிக்கிற வரைக்கும் ஆட்களை வருஷக் கூலிக்கு வெளியே விடுவாங்க. பெரும்பாலும் ஜனவரி 1 தொடங்கி ஒரு வருஷம். யாரை, யாரிடம், எவ்வளவுக்கு என்று பெயரோடு வரும். மருத்துவச்சிக்குக் கொடுத்த காசு எழுதியிருந்தால் ஒரு குழந்தை பிறந்த மாதம் கிடைச்சுது. போர்வை, காலணி, சவப்பெட்டிப் பலகை வாங்கிய செலவும் இருக்கும்.

விதவைப் பங்கையும் மறக்காதீங்க. வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் செத்தவரின் அடிமைகளில் மூணில் ஒரு பங்கு மனைவியின் ஆயுள் அனுபவத்துக்குப் போகும். அவங்க செத்ததும் அந்த மனிதர்களும், இடையில் பிறந்த பிள்ளைகளும் கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பணும். அதனால் இருபது முப்பது வருஷம் கழிச்சு அதே குடும்பங்கள் இன்னொரு பட்டியலில் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் யார் யாருக்குப் பிள்ளை என்பது துலங்கும்.

சாவே இல்லாத காலத்துக்கு அடமானப் பத்திரம். கடனுக்கு ஈடாக மனிதர்களை வைத்தால், ஈடு இன்னது என்று காட்ட ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் எழுதணும். அதெல்லாம் நிலப்பத்திரங்களோடு சேர்ந்து பத்திரப் பதிவேட்டில் கிடக்கும். பதிவேட்டின் பெயர் அகரவரிசையைப் பார்த்துத் தேடினால் அகப்படாது, பக்கம் பக்கமாகப் புரட்டணும்.

ஏடுபுரட்டி

மைக்கறை சொன்ன விதவைப் பங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் வர்ஜீனியா மாளிகையான மவுன்ட் வெர்னனைவிட நல்ல உதாரணம் இல்லை.

1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் உயில் எழுதியபோது தயாரித்த பட்டியலில் 317 பேர். அதில் 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் சொத்திலிருந்து வந்த விதவைப் பங்கு. 41 பேர் அக்கம்பக்கத்தாரிடம் வாடகைக்கு எடுத்தவர்கள். உயில் தொட முடிந்தது அந்த 123 பேரை மட்டுமே. ஏறக்குறைய அவர்கள் எல்லோரும் 1801 ஜனவரி 1 அன்று விடுதலையானார்கள். கணவன் ஒரு கணக்கு, மனைவி இன்னொரு கணக்கு என்றிருந்த குடும்பங்கள் அந்த நாளிலேயே பிளந்தன. 1802இல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தது. ஆகவே மவுன்ட் வெர்னனில் வாழ்ந்த ஒருவரின் தடம் அதன்பின் ஆர்லிங்டன் ஹவுஸ், வுட்லான், டியூடர் பிளேஸ் போன்ற வேறு வீடுகளின் தாள்களுக்குப் போய்விடுகிறது. ஒரு வீட்டின் ஆவணப் பெட்டியோடு நின்றால் பாதிப் பேர் காற்றில் கரைந்தமாதிரி தோன்றும்.

ஒரே ஒருவரை நெருங்கிப் பார்க்கலாம். 1786 பிப்ரவரியில் வாஷிங்டன் தன் நாட்குறிப்பில் பண்ணை வாரியாக எல்லோரையும் எழுதினார். மாளிகைப் பகுதியில் தையல் வேலை செய்வோரில் பெட்டி. பிள்ளைகள் வரிசையில் 'ஓனி, பெட்டியின் பிள்ளை, 12 வயது'. 1796 மே 21 அன்று ஓனி ஜட்ஜ் பிலடெல்பியாவிலிருந்த அதிபர் இல்லத்திலிருந்து தப்பினார். உடனே செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது: முகமெல்லாம் மச்சப்புள்ளி, கருகருவென்ற கண்கள், ஒல்லியான உடல், வயது சுமார் 20, பிடித்துக்கொடுத்தால் 10 டாலர். 1840களில் நியூ ஹாம்ப்ஷயரில் வயதான பெண்ணாக அவரே தந்த இரண்டு பேட்டிகள் அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளில் வெளியாயின.

வயதைக் கணக்குப் போடுங்கள். 1786இல் 12 என்றால் 1796இல் 22. அறிவிப்போ 20 என்கிறது. ஆள் ஒருவர்தான் என்பதில் ஐயமே இல்லாத இடத்திலேயே, அதுவும் அதே வீட்டார் எழுதிய தாள்களிலேயே, இரண்டு வருட வித்தியாசம். வயது பொருந்தவில்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேர்தேடி

அப்படியானால் 1850, 1860 அட்டவணைகளில் பத்து வயது கூட்டிப் பொருத்திப் பார்ப்பதில் பயன் உண்டா? இன்னொன்று: ஒரே பட்டியலில் மூன்று பெட்டி, நான்கு சாம் வந்தால் எப்படிப் பிரிப்பது?

நெடுங்கணக்கு

பத்து வயது கூட்டும் முறை தனியாக நிற்காது. வயதுகள் 5, 0 என்று முடியும் எண்களில் குவிந்திருக்கும். 1850இல் 35 என்று எழுதப்பட்டவர் 1860இல் 40 ஆகவும் வருவார், 50 ஆகவும் வருவார். தவிர அட்டவணையில் உள்ள 'உரிமையாளர்' எப்போதும் உரிமையாளர் இல்லை. வாடகைக்கு எடுத்தவர், வயதுவராத வாரிசின் காப்பாளர், பண்ணை மேற்பார்வையாளர் யார் பெயரிலும் இருக்கலாம். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மாவட்டங்களில் நிலம் இருந்தால் ஆட்களும் இரண்டு அட்டவணைகளில் பிரிந்திருப்பார்கள். அட்டவணையை இதற்குப் பயன்படுத்துங்கள்: சொத்துப் பட்டியலில் கண்ட ஆட்களின் எண்ணிக்கையும் ஆண், பெண், வயது அடுக்கும் மொத்தமாகப் பொருந்துகிறதா? 1860இல் குடில்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. அதையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்து ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் என்று சொல்லலாம். நூறு வயதைத் தாண்டியவர்களைப் பெயரோடு எழுதச் சொல்லி விதி இருந்தது, ஓரிரு பெயர் அப்படிக் கிடைக்கும். அதே ஆண்டுகளின் இறப்பு அட்டவணையை விடவே கூடாது. ஜூன் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்கள் அதில் வருவார்கள். அடிமைகளுக்கும் பல இடங்களில் முதற்பெயரும் நோயும் எழுதியிருப்பார்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரே மருந்து அட்டவணை போடும் முறை. ஒரு வரிக்கு ஒரு மனிதர் என்று போடாதீர்கள். ஒரு வரிக்கு ஒரு குறிப்பு. எக்ஸெல்லில் கட்டங்கள் இப்படி: ஆவணம், தேதி, பக்கம், பெயர் (எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டல் அப்படியே), வயது, தொழில், விலை, பட்டியலில் எத்தனையாவது வரி, மேலே உள்ள பெயர், கீழே உள்ள பெயர், ஓரக்குறிப்பு. 'பெட்டி' பதினேழு தடவை வந்தால் பதினேழு வரி. எல்லாம் ஏற்றிய பிறகு தனியாக ஒரு கட்டத்தில் ஆள் எண் கொடுங்கள். பக்கத்தில் ஏன் இணைத்தீர்கள் என்று ஒரு வாக்கியம், உறுதி, சாத்தியம், ஊகம் என்று ஒரு தரம். முதலிலேயே இரண்டு பெட்டிகளை ஒருவராக்கிவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது; இல்லாத ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை வரலாறு எழுதி, இருந்த இரண்டு பெண்களை அழித்துவிடுவோம். இந்தத் துறையில் நான் மிகப் பெரிய பிழையாகக் கருதுவது இதைத்தான்.

மேலே, கீழே உள்ள பெயர் எதற்கு என்றால், மதிப்பீட்டாளர்கள் குடில் குடிலாக நடந்து எழுதியிருந்தால் தாயின் பெயருக்குக் கீழே பிள்ளைகள் வயதும் விலையும் இறங்கும் வரிசையில் வருவார்கள். அதே கூட்டம் அடுத்த பட்டியலிலும் ஒன்றாக வந்தால் குடும்பம் என்று சாத்தியத் தரத்தில் எழுதலாம். எச்சரிக்கை: உயில் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். நகலெடுக்கும்போது அவர் வரிசையை மாற்றலாம், இரண்டு பத்தியை ஒரு பத்தி ஆக்கலாம். கட்டுக்கட்டாகக் கிடக்கும் மூலத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செங்கல்

தாளில் இல்லாதது வீட்டில் இருக்கும். அறை வாரியான சொத்துப் பட்டியலையும் வீட்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைங்க. படுக்கைகளை எண்ணுங்க. மாளிகை வேலைக்கு எட்டுப் பேர் இருந்திருக்காங்க, பரண் அறையிலும் சமையற்கட்டு மாடியிலும் சேர்த்து மூணு படுக்கை என்றால் மீதி ஐந்து பேர் எங்கே படுத்தாங்க? எசமானியின் அறைத் தரையில், நடைபாதையில், கதவுக்கு வெளியே. 'பழைய மெத்தை, நடையில்' என்று ஒரு வரி கிடைத்தால் அது ஒரு மனிதரின் இரவு.

தோண்டுகிற இடத்தில் சல்லடைக் கண்ணின் அளவு முடிவையே மாற்றிடும். வழக்கமான கால் அங்குலக் கண்ணில் மீன் முள், சின்னப் பாசிமணி, ஊசி, விதை எல்லாம் மண்ணோடு போயிடும். அப்புறம் 'இங்கே மீன் சாப்பிடலை' என்று அறிக்கை எழுதுவாங்க. குழி மண்ணில் அளவெடுத்த ஒரு பங்கை, சொல்லப்போனால் முழுக் குழியையுமே, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கணும். வர்ஜீனியாக் குடில்களில் தரைக்குக் கீழே சின்னச் சின்னக் குழிகள் உண்டு. கிழங்கும் சொந்தப் பொருளும் வைக்கிற இடம். தோண்டுபவர் அவற்றைக் கலந்துவிடாமல் குழிக்கு ஒரு எண் கொடுக்கணும். மவுன்ட் வெர்னனில் மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய குடியிருப்பின் நிலவறையில் காட்டுப் பறவை, மீன் எலும்புகள் நிறைய வந்தன. பங்கீட்டு நோட்டில் சோளமாவும் உப்பிட்ட மீனும்தான். மீதியை அவங்களே வேட்டையாடிப் பிடிச்சிருக்காங்க என்பது எலும்பிலிருந்துதான் தெரியுது. வேறு இடங்களோடு ஒப்பிட, தாமஸ் ஜெபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோவிலிருந்து நடக்கும் அடிமைத்தனத் தொல்லியல் ஒப்பீட்டு எண்ணிமக் காப்பகத்தின் தரவு எல்லாருக்கும் திறந்திருக்கு.

செங்கல்லையும் பாருங்க. மான்ட்பெலியரில், ஜேம்ஸ் மேடிசன் வீட்டில், சுட்ட செங்கல்லில் விரல் பதிஞ்சிருக்கு. ஈரக் களிமண்ணை அச்சிலிருந்து எடுத்துக் காயவைக்கும்போது பட்டது. சில தடங்கள் சின்னப் பிள்ளைகளோடது. பெயர்ப் பட்டியலில் வேலையாளாகக் கணக்கில் சேர்க்காத வயது.

நிலவறை

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் வருகிறேன். கூலி வேலையாட்களுக்கு முதல் ஆவணம் சம்பளப் புத்தகமும் ரசீதுகளும்தான். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், பக்கத்தில் 'அவரது குறி' என்று எழுத்தர் எழுதியிருப்பார். சம்பளத் தேதிகளை அடுக்கினாலே யார் எத்தனை மாதம் நிலைத்தார் என்று தெரிந்துவிடும்.

கணக்கெடுப்பில் இரண்டு பொறி. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 24 வயதுப் பெண் 20 ஆக வருவார். பிறந்த ஊர் வேண்டுமென்றால் 1851 முதல்தான். இரண்டாவது, கணக்கெடுத்த இரவில் குடும்பம் லண்டனில் இருந்தால் பாதி வேலையாட்களும் அங்கே போயிருப்பார்கள். கிராமத்து மாளிகையில் வீட்டு வேலைகளை மேற்பார்க்கும் பெண்மணியும் இரண்டு வேலைக்காரப் பெண்களும் மட்டும் இருப்பார்கள். லண்டன் முகவரியையும் தேடாமல் 'இவ்வளவுதான் ஆட்கள்' என்று எழுதிவிடக் கூடாது. சில வீடுகளில் ஃபுட்மேன் (சாப்பாடு பரிமாறுவது போன்றவற்றைச் செய்யும் ஆண் பணியாள்) வேலைக்கு யார் வந்தாலும் ஜான் அல்லது ஜேம்ஸ் என்றே கூப்பிட்டார்கள். ஆகவே வீட்டுக் கடிதத்தில் வரும் ஜான் முப்பது வருடம் வேலை செய்த ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

1777 முதல் ஆண் வேலையாட்களுக்கு வரி இருந்தது. அதில் எசமானர் பெயரும் எண்ணிக்கையும் கிடைக்கும், வேலையாளின் பெயரைப் பெரும்பாலும் எதிர்பார்க்காதீர்கள். வேல்ஸின் எர்டிக் மாளிகை விதிவிலக்கு: யார்க் குடும்பத்தார் 1790கள் தொட்டே தச்சர், சமையற்காரர் என்று வேலையாட்களை ஓவியமாக்கி, கூடவே செய்யுளும் எழுதித் தொங்கவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்யுள் எசமானரின் குரல் என்பதை மறக்கக் கூடாது. தச்சரைப் பற்றி அவருக்குச் சொல்லப் பிடித்ததைத்தான் அது சொல்லும்.

கறுப்பின வேலையாட்கள், அடிமைகள் என்றால் தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு. அதையும் அப்படியே நம்ப முடியாது. கென்வுட் மாளிகையில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வீட்டில் வளர்ந்த டைடோ எலிசபெத் பெல்லின் 1766 பதிவில் 'பெல்லுக்கும் அவர் மனைவி மரியாவுக்கும் மகள், வயது 5' என்று இருக்கிறது. தந்தை கடற்படை அதிகாரி ஜான் லிண்ட்சே. அவர் பெயர் பதிவிலேயே இல்லை. மாளிகைப் பணத்துக்குக் கரீபியன் தோட்டம் மூலம் என்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டி 71 (T 71) வரிசையைப் பாருங்கள். டிரினிடாடில் 1813, மற்ற பல தீவுகளில் 1817 தொடங்கி எடுத்த அடிமைப் பதிவேடுகள். பெயர், வயது, பிறந்தது ஆப்பிரிக்காவா தீவா என்று இருக்கும். பெரும்பாலான இடங்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. விடுதலைச் சட்டத்தின் பேரில் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு போனது. யாருக்கு எவ்வளவு என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிரிட்டிஷ் அடிமைத்தன மரபுத் தரவுத்தளத்தில் வீட்டுப் பெயர் போட்டே தேடலாம்.

கல்யாணி_மொ

மொழிபெயர்ப்பு பற்றி ஒன்று. அமெரிக்கத் தெற்கின் கடிதங்களில் 'சர்வன்ட்' என்று வந்தால் அது பெரும்பாலும் அடிமையைக் குறிக்கும் பூசிமெழுகிய சொல். தமிழில் 'வேலைக்காரர்' என்று போட்டால் நாமும் சேர்ந்து மூடிமறைக்கிறோம். அதே சொல் 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் ஒப்பந்தக் காலம் முடியும்வரை கட்டுப்பட்ட வெள்ளையரையும் குறிக்கும். இங்கிலாந்தில் சம்பள ஆளையும் குறிக்கும். ஆவணத்துக்கு ஆவணம் பார்த்துத்தான் சொல் போட வேண்டும். மேற்கோளில் இருப்பதை மாற்றாமல், நம் வாக்கியத்தில் 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் யாரோ ஒருவர் செய்த செயல் அது என்பதைச் சொல் தாங்கி நிற்கிறது.

விலையைக் காட்சிப் பலகையில் போடுவது தேவையா? பெயருக்குப் பக்கத்தில் டாலர் போட்டால் மறுபடி ஏலம் விடுவதுபோல இருக்கிறது.

நெடுங்கணக்கு

ஆய்வு அட்டவணையில் விலை கட்டாயம் இருக்க வேண்டும் கல்யாணி. ஐந்து வருடத்தில் ஒரு இளைஞரின் விலை பாதியாகியிருந்தால் காயமோ நோயோ நடந்திருக்கிறது, மருத்துவர் ரசீதைத் தேட வேண்டும். முதியவருக்குப் பூஜ்யம் போட்டிருந்தால் அவரைப் பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தேட வேண்டும். பலகையில் போடுவது வேறு கேள்வி. அதை வழிவந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்வதே சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏடுபுரட்டி

வேர்தேடியின் முதல் கேள்விக்கு மறுபக்கம் இன்னும் வரவில்லை. 1870இலிருந்து பின்னோக்கி வருவது.

மாளிகை இருந்த வட்டாரத்தின் 1870 தாள்களை முழுதாக எழுதி எடுங்கள், ஒரு குடும்பத்தை மட்டும் அல்ல. எசமானரின் குடும்பப்பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். பலர் பழைய உரிமையாளரின் பெயரையோ, தந்தை வழியில் முன்னமே புழங்கிய பெயரையோ, முற்றிலும் வேறொன்றையோ வைத்திருந்தார்கள். முதற்பெயர்க் கூட்டத்தை வைத்துத் தேடுங்கள். சொத்துப் பட்டியலில் ஒன்றாக வந்த மூன்று நான்கு பெயர், ஏறக்குறைய அதே வயது இடைவெளியோடு ஒரே வீட்டிலோ அடுத்தடுத்த வீட்டிலோ வந்தால் நல்ல பிடி.

விடுதலைக்கும் 1870க்கும் இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு, விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசு அலுவலகமான ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் கூலி ஒப்பந்தங்கள். முதல் வருட ஒப்பந்தங்களில் பலர் அதே மாளிகையில் அதே உரிமையாளரோடு கையெழுத்திட்டிருப்பார்கள். முன்பின் இரண்டு காலத்தையும் ஒட்டும் தாள் அது. வர்ஜீனியாவில் 1866இல் சேர்ந்து வாழ்பவர்களைப் பதிந்த பதிவேடுகள் சில மாவட்டங்களுக்கு மிஞ்சியிருக்கின்றன, கடைசி உரிமையாளர் பெயரோடு. விடுதலையானவர்களுக்கான ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி 1874இல் மூழ்கியது. மக்கள் பணம் போனது, ஆனால் கணக்குத் தொடங்கிய படிவங்கள் இருக்கின்றன: பிறந்த இடம், வளர்ந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர், முற்காலப் படிவங்களில் பழைய எசமானர் பெயர். விற்கப்பட்டுப் பிரிந்த தங்கையின் பெயர்கூட அந்தப் படிவத்தில் இருக்கும். ஆகவே முதன்மை ஆளின் கணக்கோடு நிற்காமல் உடன்பிறந்தோரின் கணக்கையும் எடுங்கள்.

முன்பு அடிமைகளாக இருந்தவர்களிடம் 1936 முதல் 1938 வரை அரசு எடுத்த 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களும் உண்டு. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், பேசியவர்கள் விடுதலையின்போது சிறுபிள்ளைகள், பேச்சைக் கொச்சையாகத் திரித்து எழுதியிருப்பார்கள். பெயர், உறவு, இடம் ஆகியவற்றுக்கு நம்பிப் பயன்படுத்தலாம். 'எசமானர் நல்லவர்' என்ற வரியை, கேட்டவர் யார் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

ஏலம் நடந்த வீடு என்றால் விற்பனைப் பட்டியலில் வாங்கியவர் பெயர்தான் அடுத்த முகவரி. ஜெபர்சன் உயில் ஐந்து ஆண்களை விடுவித்தது. அதில் கொல்லர் ஜோசப் ஃபாசெட் ஒருவர். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தபோது அவர் மனைவி எடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்குப் போனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களை 1993 முதல் மான்டிசெல்லோ தேடிப் பேசிப் பதிவு செய்துவருகிறது. தாளில் விட்டுப்போன உறவுகள் பல குடும்பங்களின் வாய்மொழியில் இருந்தன.

வேர்தேடி

நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. பழைய கையெழுத்துதான் தடை. விலைக் கட்டத்தில் 'டிஓ' மாதிரி இரண்டு எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, அது என்ன?

மைக்கறை

'டிட்டோ'வின் சுருக்கம், மேலே உள்ளதேதான். எது மேலே என்று பார்த்து எழுதுங்க. பக்கம் மாறினால் முந்தின பக்கத்தின் கடைசி வரி. சொல்லின் நடுவே வரும் நீள 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படிச்சுடாதீங்க, சூசன் அப்படித்தான் இல்லாத பெயராகிடுவாங்க. படிக்க முடியாத எழுத்தை ஊகிக்காமல் சதுர அடைப்பில் கேள்விக்குறி போடுங்க. ஒரே எழுத்தரின் மூணு பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி ஒரு தாளில் ஒட்டினால் அவர் கை பழகிடும்.

முதல்ல வீட்டின் உரிமை எந்தெந்த வருஷம் யாரிடமிருந்து யாருக்கு மாறியது, ஒவ்வொருத்தர் எப்போ செத்தாங்க, மனைவிமார் எந்த மாவட்டத்திலிருந்து வந்தாங்க, இந்த மூணை மட்டும் எழுதி இங்கே போடுங்க. அதைப் பார்த்துட்டு எந்த நீதிமன்றத்தின் எந்தப் புத்தகம் என்று சொல்றோம்.